அகதிக் குழந்தையின் கல்வி: ஈகையா, நீதியா?

அடைக்கலம் தேடி வந்த குழந்தைக்குக் கல்வி தருவது ஈகையா, நீதியா என்பது சமய அறவியலின் பழைய கேள்வியோடு சேர்ந்தது. ஈகை, கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். நீதியை அப்படி நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை.

ஈகையைப் போற்றும் பழைய கதை ஒன்று புனித தோமையாருடையது; சென்னையின் சாந்தோம் பேராலயம் அவர் கல்லறைமீது எழுந்தது என்பது மரபு. 'தோமாவின் பணிகள்' என்னும் பழைய நூல், அரண்மனை கட்ட அரசன் தந்த பணத்தை அவர் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்ததாகவும், அது விண்ணுலகில் அரசனுக்கு மாளிகையாக எழுந்ததாகவும் கூறுகிறது. கதை அழகானதுதான், ஆனால் அதில் ஏழை, அரசனின் புண்ணியத்துக்கு வழியாகவே நிற்கிறான். நான்காம் நூற்றாண்டின் புனித அம்புரோஸ் இன்னும் துணிந்து பேசினார்: ஏழைக்குக் கொடுப்பது நம் பொருளை அல்ல, அவனுக்குரியதையே திருப்பித் தருகிறோம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வியை எல்லா மனிதருக்கும் உரிய, பறிக்க முடியாத உரிமை என்று அறிவித்தது.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்குப் படகேறி வந்த ஈழத்தமிழர் பிள்ளைகள் ஈகைக்கும் நீதிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை வாழ்ந்தே அறிந்தார்கள். மண்டபம் முகாமில் பதிவு முடிந்து ஊர் ஊராக அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். உடுத்திய துணியோடு ஓடிவந்தவர்களிடம் டி.சி. ஏது, பிறப்புச் சான்றிதழ் ஏது? 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்கே தடைகள் வந்தன. பெரியவர்களின் அரசியலுக்குச் சிறுபிள்ளைகள் தண்டனை சுமந்தார்கள். தடைகள் பிறகு படிப்படியாக விலகின. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் இயேசு சபையின் அகதிகள் பணியும் முகாம் பிள்ளைகளின் படிப்புக்குத் தொடர்ந்து தோள்கொடுத்தன. பகலில் பள்ளி, மாலையில் முகாமுக்குள்ளேயே டியூஷன் என்று பல பிள்ளைகள் படித்து வளர்ந்தார்கள்.

கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடே என்பது வள்ளுவர் வாக்கு. அகதி மாணவருக்கோ, படிப்பதற்கே முதலில் ஒரு நாடு வேண்டியிருக்கிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆனாலும் அரசியலமைப்பின் 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கல்வியைக் 'குடிமக்களுக்கு' என்று சுருக்காமல் 'எல்லாக் குழந்தைகளுக்கும்' என்றே தருகிறது. அந்த வயதைத் தாண்டியதும் அகதிப் பிள்ளை மறுபடி ஈகையின் வாசலுக்கே வருகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, கல்லூரிப் படிப்புக்கும் உதவித்தொகை அறிவித்தது. மருத்துவம் போன்ற படிப்புகளில் குடியுரிமைக் கேள்வி இன்னும் குறுக்கே நிற்கிறது.