பிரம்பைக் கீழே வைத்த பிறகு...



துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் வீடுகளைச் சந்திக்கச் சென்ற ஒரு மாலையில் ஒரு தாய் தம் மனக்குறையை என்னிடம் கொட்டினார். அவருடைய மகன் பாடசாலைக்குக் கொண்டுபோன சைக்கிளின் இரண்டு டயர்களையும் சக மாணவனொருவன் பிளேட்டால் கிழித்துவிட்டான். தகப்பன் மாலையில் வேலைக்குப் போவது அதே சைக்கிளில்தான். குற்றவாளி யாரென்று தெரிந்தது. ஒரு வாரம் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். விடயம் அத்துடன் முடிந்தது.

"அவன் வெளியில நிண்டதால எங்கட டயருக்கு என்ன பிரயோசனம் பாதர்?" என்று அந்தத் தாய் கேட்டார். சற்றுப் பொறுத்து இன்னொன்றும் கேட்டார்: "அடிக்கவும் கூடாது எண்டால் பிள்ளையள எப்பிடித்தான் திருத்துறது?"

இவ்விரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதையே இவ்வாரம் உங்கள்முன் வைக்கிறேன்.

அடியாத மாடு படியாது என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம் நாட்டில் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தது. 2016இல் மீண்டும் ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஆசிரியர் அறைந்ததால் மாணவனொருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. கொடூரமான, இழிவான நடத்துகையிலிருந்து எவருக்கும் பாதுகாப்பளிப்பது அந்த உறுப்புரை. பிரம்பைக் கீழே வைக்கும்படி சட்டம் சொல்லிவிட்டது. வைத்த பிறகு வெறுங்கையால் என்ன செய்வது? இதற்கு விடை தெரியாமல்தான் பல ஆசிரியர்களும் பெற்றோரும் திகைக்கிறார்கள்.

என் பள்ளிப்பருவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் ஒரு மாணவனின் கொம்பாஸ் பெட்டி களவு போயிற்று. சந்தேகத்தின்பேரில் வேறொருவன் அடிவாங்கினான். உண்மையில் எடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியும். அடி எனக்கும் விழுமோ என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. பெட்டியை இழந்தவனுக்குப் பெட்டி கிடைக்கவில்லை. எடுத்தவன் திருந்தவில்லை. குற்றமற்றவனின் கை வீங்கியது. நானோ மௌனமாக இருக்கக் கற்றுக்கொண்டேன். அன்று வகுப்பில் ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது, நீதி நிலைநாட்டப்பட்டதா?

நாம் பழகிய முறை மூன்று கேள்விகளைக் கேட்கிறது: எந்த விதி மீறப்பட்டது? மீறியவன் யார்? அவனுக்கு என்ன தண்டனை? சீர்ப்படுத்தும் நீதி என்று இன்று அழைக்கப்படும் முறையோ வேறு மூன்றைக் கேட்கிறது: யாருக்குத் தீங்கு நேர்ந்தது? அவருக்கு இப்போது என்ன தேவை? அதை நிறைவேற்றும் கடமை யாருடையது?

1974இல் கனடாவின் எல்மிரா என்ற ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் பொருட்களைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் நீதிபதியிடம் புதிய யோசனையொன்றை முன்வைத்தார். அதன்படி அவ்விளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, பாதிக்கப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்து, நட்டத்தை ஈடுசெய்தார்கள். நியூசிலாந்து மவோரி மக்களின் குடும்ப ஒன்றுகூடல் மரபைத் தழுவி 1989இல் சிறுவர் சட்டத்தை இயற்றியது. 1994இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இம்முறை பாடசாலைக்குள் நுழைந்தது. நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. வேலித் தகராறுக்கும் கடன் வழக்குக்கும் பொருந்தும் இந்த வழி நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாதா?

கத்தோலிக்கராகிய நமக்கு இது புதுமையன்று. சக்கேயு தன் பாவத்துக்காக வருந்தியதோடு நின்றுவிடவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களித்தான். களவெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தாலும், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனை விட்டு நீங்குவதில்லை என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம்.

இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. வகுப்புக்கு வெளியே நின்றவன் தன் கால்வலியை மட்டுமே நினைக்கிறான். தன்னால் ஒரு தகப்பன் வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்தார் என்பதை அவரது வாயாலேயே கேட்பவன், தான் செய்தது இன்னதென்று அறிகிறான். பாதிக்கப்பட்ட பிள்ளையும் வெறும் சாட்சியாக நிற்காமல், தன் தேவையைச் சொல்லும் உரிமை பெறுகிறது.

நிற்க. கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

முதலாவது, நேரம். நாற்பது பிள்ளைகளையும் முடிக்கவேண்டிய பாடத்திட்டத்தையும் சாதாரண தரப் பரீட்சையையும் சுமக்கும் ஆசிரியர் எப்போது வட்டமாக அமர்ந்து பேசுவார்? அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் 44 பாடசாலைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்றில், இம்முறையைக் கைக்கொண்ட பாடசாலைகளில் மாணவர்கள் இடைநிறுத்தப்பட்ட நாட்கள் குறைந்தன. சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் கூறினார்கள். ஆனால் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையான மாணவரின் பெறுபேறுகள் பின்னடைந்தன. பயிற்சியும் நேரமும் கொடுக்காமல் ஆசிரியரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றினால் பலன் கிட்டாது.

இரண்டாவது, கட்டாய மன்னிப்பு. "கையைக் குடு, சமாதானமாப் போ" என்று இரு பிள்ளைகளையும் இழுத்துவைத்துக் கைகுலுக்கச் செய்வது நீதியன்று. பலம் குறைந்த பிள்ளை பெரியவர்களுக்குப் பயந்தே தலையாட்டும். மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் மனமுவந்து கொடுப்பது; அதிபரோ குருவானவரோ அதைப் பறித்துக் கொடுக்க முடியாது.

மூன்றாவது, எல்லை. பாலியல் துஷ்பிரயோகமும் பாரதூரமான வன்முறையும் வட்டமாக இருந்து பேசி முடிக்கும் விடயங்கள் அல்ல. அவை பொலிசுக்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் (தொலைபேசி 1929) போகவேண்டியவை. குற்றம் செய்தவர் ஆசிரியராயினும் குருவானவராயினும் இதில் விதிவிலக்கில்லை. "உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்" என்ற பேச்சினால் எத்தனை பிள்ளைகள் கைவிடப்பட்டார்கள் என்பதை உலகத் திருச்சபை வெட்கத்தோடு அறிந்திருக்கிறது.

திருகோணமலையில் வாழும் நமக்கு இன்னுமொரு தயக்கமும் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டார்கள். இந்த நகரத்துத் தாயொருவரிடம் போய் "நல்லிணக்கம்" என்று சொன்னால், "உண்மை எங்கே?" என்றே அவர் கேட்பார். அவர் கேட்பது சரி. உண்மை பேசப்படாத இடத்தில் உறவைச் சீர்ப்படுத்த முடியாது. பெரியோர் நாட்டளவில் செய்யத் தவறியதைப் பிள்ளைகள் வகுப்பளவிலாவது கற்கவேண்டாமா? செய்ததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளவும், கண்டதைக் கண்டேன் என்று சொல்லவும் பயமில்லாத ஓர் இடம் அவர்களுக்கு வேண்டும். அன்று என் வகுப்பில் அப்படியோர் இடம் இருக்கவில்லை.

அன்புள்ள பெற்றோரே, இதை நாளை பாடசாலை தொடங்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம். வீட்டில் அண்ணன் தம்பியின் பொருளை உடைத்தால், "ஏன் உடைத்தாய்?" என்று கையை ஓங்குமுன், "தம்பிக்கு இப்ப என்ன செய்யப் போறாய்?" என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். அடிப்பதைவிட அது கடினமான வேலைதான்.

லிங்கநகர்த் தாயிடம் புறப்படுமுன் கேட்டேன்: "உங்களுக்கு என்ன வேணும் அம்மா?" டயருக்குக் காசு கேட்பார் என்று எண்ணினேன். அவர் சொன்னது வேறு: "அந்தப் பிள்ளை ஒருக்கா வீட்ட வந்து இவரிட்டச் சொல்லட்டும். அது போதும்."

அவன் இன்னும் வரவில்லை. வர மனமில்லாமல் இருக்கலாம். ஆனால் அவன் கையைப் பிடித்து அந்தப் படலைவரை அழைத்து வர ஒரு பெரியவரும் இதுவரை முன்வரவில்லை என்பதை நான் அறிவேன். அந்தப் பெரியவர் ஏன் நீங்களாக இருக்கக்கூடாது? ஏன் நானாக இருக்கக்கூடாது?