பதினெட்டோடு முடிகிறதா நம் பொறுப்பு?

யத்தீமைப் பராமரிப்பவரின் சிறப்பைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். அந்த யத்தீம் வளர்ந்தபின் என்ன ஆனான் என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

இல்லங்களில் வளரும் பிள்ளைகள் 18 வயது நிறைந்தால் வெளியேற வேண்டியவர்கள். 21 வயது வரையிலும், அவசியமானால் 23 வரையிலும் உதவ அரசு விதிகளில் இடமுண்டு. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது 'உதவலாம்' என்றே. 'உதவ வேண்டும்' என்றல்ல.

வேலை கிடைத்துவிட்டால் போதும் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார், கைபேசித் தொழிற்சாலைகளில் வேலை உண்டு. வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். எனினும் கம்பெனி தரும் கட்டில் வேலையோடு வருவது, வேலையோடு போய்விடுவது. வேலை போனால் மற்ற பெண்கள் தாய்வீடு திரும்புவார்கள். இவள் எங்கே போவாள்? பெருநாளன்று யார் வீட்டில் உண்பாள்? நிக்காஹ் பேசும்போது, "எந்த ஊர் ஜமாஅத்?" என்றால் என்ன சொல்வாள்?

'பருவமடைந்தபின் யத்தீம் இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே' எனலாம். உண்மைதான். பெயர் நீங்குகிறது, தேவை நீங்கவில்லையே! அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனம், யத்தீமின் பொருளை ஒப்படைக்கப் பருவ வயதை மட்டும் போதுமாக்கவில்லை. அவர்களைச் சோதித்து, பகுத்தறியும் பக்குவத்தைக் கண்டபிறகே ஒப்படைக்கச் சொல்கிறது. பக்குவம் வராதவருக்காக இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் 25 வயது வரை காத்திருக்கச் சொன்னார்கள். சொத்துள்ளவனுக்கே இத்தனை நிதானம் என்றால், சொத்தில்லாதவனைப் பிறந்த தேதி பார்த்துத் தெருவில் விடுவது எந்த நியாயம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை எட்டு வயதில் ஏற்ற அபூதாலிப், வாலிபம் வந்ததும் கைவிட்டாரா? கதீஜா நாயகி (ரலி) அவர்களுடன் நடந்த திருமணத்தில் முன்னின்றார். மக்காவே எதிர்த்தபோதும் மரணம் வரை அரணாக நின்றார்.

ஆகவே, தொழிற்சாலைகளை அடுத்துள்ள மஹல்லாக்கள் இத்தகைய பிள்ளைகளைத் தேடி அறியட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு குடும்பம் உறவாகட்டும். வாடகை வீட்டுக்குப் பொறுப்பேற்க ஒரு பெரியவர், பெருநாளுக்கு ஒரு வீடு, நிக்காஹுக்கு ஜமாஅத்தின் கடிதம் — இவற்றுக்குப் பெரும் செல்வம் தேவையில்லை. வறியவராயின் ஜகாத்திலும் பங்குண்டு. வயது அதற்குத் தடையல்ல.

'என் பிள்ளை எப்போது பெரியவனாவான்?' என்று நாம் நாள் குறித்து வைப்பதில்லை. பிறர் பிள்ளைக்கும் குறிக்காதிருப்போமாக. வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.