விடுமுறைக் கொடை: ஈகையா, ஒப்புரவா?

பொருளை ஈவது அறமென அறிவோம். காலத்தை ஈதல் கூடுமா? கூடும் என்கிறது ஐக்கிய அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம். சமஷ்டி அரசாங்க ஊழியரொருவர் கடும் நோயுற்று, சம்பளத்துடனான தம் விடுமுறை முழுவதும் தீர்ந்து நிற்பின், சக ஊழியர் தம் வருடாந்த விடுமுறையின் ஒரு பகுதியை அவருக்கு வழங்கலாம். அங்கு முழுநேர ஊழியருக்கு ஆண்டொன்றிற் சேரும் சுகவீன விடுமுறை 13 நாட்களே. எஞ்சியதைச் சேமிக்கலாம், ஆனால் பணியிற் புதிதாகச் சேர்ந்தவரிடம் சேமிப்பு ஏது?

இது எளிய கொடையன்று. இழந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். கழிந்த நாளை எவரும் ஈட்டார். தம் பிள்ளைகளோடு கழித்திருக்கக்கூடிய ஒரு நாளையே கொடையாளர் பிறிதொருவரின் நோய்ப் படுக்கைக்கு அனுப்புகிறார். அக்கொடையின் தூய்மையையும் சட்டம் பேணுகிறது: எவரையும் வற்புறுத்தலாகாது; தமது நேரடி மேலதிகாரிக்கு எவரும் விடுமுறை வழங்கலாகாது. அச்சத்தாலோ ஆதாயம் கருதியோ தருவது கொடையன்று என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. கொடுப்பவரின் சுதந்திரத்தைக் காத்த சட்டம், பெறுபவரின் மானத்தைக் காத்ததா? எல்லோருடனும் இனிது பழகியவருக்கு நாட்கள் குவியும். ஒதுங்கி வாழ்ந்தவருக்கும் முரண்பட்டு நின்றவருக்கும் யார் தருவர்? நோய் ஆள் பார்த்து வருவதில்லை. உதவி மட்டும் ஏன் ஆள் பார்த்து வரவேண்டும்?

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வகுத்தமை இங்கு சிந்திக்கத்தக்கது. ஈகை, இல்லாதவரின் முகம் நோக்கிச் செய்யப்படுவது. ஒப்புரவு, பலரோடு கூடி வாழ்வதனால் எழும் கடப்பாடு. அமெரிக்க அரச திணைக்களங்கள் சிலவற்றில் ‘விடுமுறை வங்கி’ என்னும் முறையும் உண்டு. உறுப்பினர் ஆண்டுதோறும் சிறிதளவு விடுமுறையைப் பொதுவில் இடுவர். நோயுறும் உறுப்பினர் அதிலிருந்து பெறுவர். விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது ஒரு சபை, நண்பர்களின் தொகையன்று. இன்று கொடுப்பவர் நாளை பெறுபவராகவுங் கூடும். விரும்பிச் சேர்ந்தோருக்கு மட்டுமே உரியதெனும் குறை இருப்பினும், இம்முறை ஒப்புரவுக்கு அண்மையது.

முகமறியாக் கொடையில் அன்பில்லை என்பாருமுளர். அன்புக்கு வேறு இடமுண்டு. நோயாளியின் அருகில் அமர்ந்திருக்கலாம். அவர் விட்டுச்சென்ற வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். அவர் குடும்பம் உண்பதற்கான சம்பளத்தைப் பிறரின் விருப்பு வெறுப்பில் தொங்கவிடுதல் தகாது.

உரிமை முடியும் இடத்தில் ஈகை தொடங்கட்டும். உரிமை இருந்திருக்க வேண்டிய இடத்தை ஈகை நிரப்புமாயின், அக்கொடையாளரைப் போற்றுவோம், அந்நிலையைப் போற்றோம்.