லாசரின் புண்களை நக்கிய நாய்கள்



ஐசுவரியவானும் லாசரும் என்னும் உவமையை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அனுதினமும் விருந்துண்ட ஐசுவரியவான், தன் வாசலில் கிடந்த ஏழையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நாய்களோ வந்து அவன் புண்களை நக்கின. மனிதன் மறுத்த இரக்கத்தை வாயில்லா ஜீவன் காட்டிற்று என்று நாம் வெட்கப்பட வேண்டாமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் கோயில் கொண்டிருக்கும் அர்ச். ரோக்கின் சரித்திரமும் இதையே போதிக்கிறது. கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்த அவர், தாமே அந்நோயில் விழுந்து காட்டில் தனித்துக் கிடந்தார். அப்போது ஒரு நாய் தினமும் அவருக்கு அப்பம் கொண்டுவந்ததென்பது பாரம்பரியம். ஆகஸ்டு 16-ந் தேதி அவர் திருநாளில், சுரூபத்தின் பாதத்தருகே நிற்கும் அந்த நாயையும் பார்க்கிறோம். ஆனால் கோயிலுக்கு வெளியே, ரோமம் உதிர்ந்து சொறிபிடித்த நாயைக் கண்டால் கல்லை எடுக்கிறோம். எண்ணூர் சாலையில் லாரியில் அடிபட்டுத் துடிக்கும் நாயைத் தாண்டிப் போகிறோம்.

“மனிதனுக்கே சோறில்லை, நாய்க்கா வைத்தியம்?” என்பீர்கள். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-ல் வெளியிட்ட ஞானோபதேச நூல் இதற்கு விடை சொல்லுகிறது. மனிதர் துயர் தீர்க்க வேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவது தகாது. மிருகங்களை வீணாக வதைப்பதும் மனித மேன்மைக்கு அடாது. இரண்டையும் சேர்த்தே கைக்கொள்ள வேண்டும். நாய்க்குக் கொடாமல் மிச்சம் பிடித்ததை நாம் லாசருக்குக் கொடுத்தோமா? ஒரு சட்டித் தண்ணீர் வைப்பதால் எந்த ஏழையின் வயிறும் காயாது.

“பிள்ளைகளைக் கடிக்கிறதே” என்னும் தாய்மாரின் பயம் நியாயமானது. சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்று வந்தது, நாய்கள் குறையவில்லை. ஒன்று போன இடத்துக்கு வேறொன்று வந்தது. 1959-ல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றிய விமானி கேப்டன் சுந்தரம், தம் குடும்பத்தாரோடு புளூ கிராஸ் சங்கத்தைத் தொடங்கினார். கொல்லாமல் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் வழியை அச்சங்கம் 1964 முதல் வற்புறுத்திற்று. 1996-ல் மாநகராட்சியும் அதை ஏற்றது. ஒரு காது நுனி வெட்டப்பட்ட நாயைக் கண்டால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டதென்று அறியுங்கள். ஆகவே நாய்க்குச் செய்யும் இரக்கம் நம் பிள்ளைகளுக்கும் காவலாகிறது.

இனி நாம் செய்யத்தக்கவை எவை? சொறி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளால் வருவது. கால்நடை மருத்துவர் தரும் மருந்தில் தீரும். பழைய எஞ்சின் எண்ணெயை அதன்மேல் ஊற்றாதீர்கள். நாய் அதை நக்கினால் விஷமாகும். நோயுற்ற நாயைப் பிள்ளைகள் தொடலாகாது. பங்கின் வாலிபர்கள் பழகியவர்களின் துணையோடு, தாங்களும் தடுப்பூசி போட்டுக்கொண்டு, இப்பணியில் இறங்கட்டும். மீதிச் சோற்றைப் பள்ளி வாசலிலும் நடைபாதையிலும் கொட்டாமல், ஒதுக்குப்புறமாக வையுங்கள். நாய் கடித்துவிட்டால், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஸ்டான்லி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வெறிநோயைத் தடுக்கமாட்டா.

பிரியமானவர்களே, தன் மிருகத்தின் உயிரையும் நீதிமான் கவனிக்கிறான் என்று பழமொழி ஆகமம் போதிக்கிறது. தெருநாய்க்கோ எஜமான் இல்லை. அதனால் அதன் பாரம் தெருவார் அனைவர்மேலும் விழுகிறது. இந்த வாரம் உங்கள் வாசலைப் பாருங்கள். அங்கே லாசர் இருந்தால் முதலில் அவனுக்குச் சோறிடுங்கள். அவன் அருகே நாய் இருந்தால் அதையும் விரட்டாதேயுங்கள். சிட்டுக்குருவியையும் மறவாத பிதாவாகிய சர்வேசுரன் உங்களை மறக்கமாட்டார். ஆமென்.