சாட்சி சொல்ல வேண்டிய சபை

இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை. 1956-இல் சீக்கியத் தலித்துகளுக்கும் 1990-இல் பௌத்தத் தலித்துகளுக்கும் அந்தத் தடை நீங்கியது. கிறிஸ்தவத் தலித்துகளுக்கும் இஸ்லாமியத் தலித்துகளுக்கும் நீங்கவில்லை. மதத்தை அளவுகோலாக்கும் பிரிவையே நீக்கலாம் என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு தினமாக அனுசரித்துக் கிறிஸ்தவச் சபைகள் எழுப்பும் கோரிக்கை நியாயமானது. ஆனால் அதற்கு வலுச் சேர்க்கும் சாட்சியம் அரசிடம் இல்லை, சபையிடமே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் சபை தயங்குகிறது.

1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கும். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. சென்னை மவுண்ட் ரோடு ஓரத்தில் அதே தொழில் செய்த ஒருவருக்குக் கிடைக்கவில்லை, அவர் கிறிஸ்தவர். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது, அதன் கொடுமை புதிய சமூகத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஆதாரத்துக்கா பஞ்சம்? வடக்கன்குளத்தில் மேல்சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாக உட்கார, பீடத்தில் மட்டும் சந்திக்கும் இரு கைகளாகவே கோவில் கட்டப்பட்டது. 1910-இல் பங்குத்தந்தை அந்தப் பிரிவினையை அகற்றியபோது, அதைக் காப்பாற்ற வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர், தேர் வராத தெரு என்று பிற்காலத்திலும் புகார்கள் ஓயவில்லை. இத்தனைக்கும் நடுவில், ‘கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை’ என்று மேடையில் சொல்லிவிட்டு, சாதியின் பெயரால் உரிமை கேட்டு மனுப்போட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம்.

குறையை ஒப்புக்கொண்டால் விசுவாசத்துக்கே இழுக்கு என்று அஞ்சுபவர்கள் வேதாகமத்தைப் புரட்டிப் பார்க்கலாம். தங்கள் விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறையிட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் மறைக்கவில்லை. அப்போஸ்தலர்கள் முறையீட்டை மறுக்கவும் இல்லை. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகிய பேதுருவைப் பவுல் முகத்துக்கு முன்பாகக் கண்டித்தார். சமத்துவம் ஆதிச் சபைக்குத் தானாக வாய்த்துவிடவில்லை. வாக்குறுதியாக ஏற்று, சண்டையிட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

‘சாதி போகவில்லை என்றால் மதம் மாறி என்ன பயன்?’ என்பது வழக்கமான கேள்வி. சீக்கியமும் பௌத்தமும்கூடக் கொள்கையளவில் சாதியை ஏற்காதவையே. அங்கே கொள்கையைப் பார்க்காமல் வாழ்நிலையைப் பார்த்த சட்டம், இங்கே மட்டும் கொள்கையைக் காட்டிக் கதவை மூடுவது முரண். ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஊர் தன் மரியாதையை மாற்றிக்கொள்வதில்லை. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களின் பங்கு குறையும் என்ற கவலை இதைவிடக் கனமானது. அதை ஒதுக்கிவிட முடியாது. மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டின் அளவும் கூட வேண்டும். ஆனால் வேலையும் கல்வியிடமும் மட்டுமே இங்கே பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத் தலித்துகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அந்தப் பாதுகாப்பை இவர்களுக்கும் கொடுத்தால் யாருடைய பங்கும் ஒரு துளிகூடக் குறையாது.

கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. அடுத்து வேண்டியது கணக்கு. ஒவ்வொரு மறைமாவட்டமும் பேராயமும் தன் குருமடத்திலும் கல்லூரி ஆசிரியர் பணியிடங்களிலும் நிர்வாகக் குழுக்களிலும் தலித்துகள் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும். இதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. எண்கள் சபைக்குச் சங்கடம் தரலாம். ஆனால் நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தின் முதல் பக்கம் அதுதான்.