முட்செடி மட்டும் சம்மதித்தது



பழைய ஏற்பாட்டில் நீதித்தலைவர்கள் ஆகமத்தின் 9ஆம் அதிகாரத்திலே மரங்களின் கதை ஒன்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அது வாசிக்கப்படுவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை வாரநாட் பூசையொன்றில் மட்டும் வரும். ஆகவே, விடியற்காலைப் பூசைக்கு வரும் நாலைந்து ஆச்சிமாரைத் தவிர நம்மிற் பலர் அதைக் காதாற் கேட்டிருக்க மாட்டோம். கெதெயோனின் மகன் அபிமெலேக்கு, கூலிக்கு ஆட்பிடித்துத் தன் சகோதரர்களைக் கொன்று, செக்கேம் ஊராரைக் கொண்டு தன்னை அரசனாக்கிக் கொள்கிறான். ஒளிந்து தப்பிய கடைசித் தம்பி யோத்தாம் கெரிசிம் மலையுச்சியில் ஏறி நின்று, ஊரார் கேட்க உரத்த குரலில் இந்தக் கதையைச் சொல்கிறான்.

மரங்களெல்லாம் கூடித் தமக்கோர் அரசனைத் தேடின. முதலில் ஒலிவ மரத்திடம் போயின. எண்ணெய் கொடுப்பதை விட்டுவிட்டு உங்களுக்கு மேலே அசைந்தாட நான் வரவோ என்று அது கேட்டது. அத்திமரம் தன் இனிய கனியைக் காட்டி மறுத்தது. திராட்சைக் கொடி தன் இரசத்தைக் காட்டி மறுத்தது. கடைசியாக முட்செடியிடம் போயின. முட்செடி உடனே சம்மதித்தது. என் நிழலில் வந்து தங்குங்கள், இல்லாவிட்டால் என்னிலிருந்து நெருப்புப் புறப்பட்டு லீபானின் கேதுரு மரங்களையும் எரிக்கும் என்றது. முட்செடிக்கு என்ன நிழல்! பங்குனி வெயிலில் ஒரு முட்பற்றைக்கு அருகே நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

இக்கதைக்கு உரை சொல்லுவோர் முட்செடியைத்தான் ஏசுவார்கள். எனக்கோ முதல் மூன்று மரங்களும் சொன்ன பதிலே உறுத்துகிறது. அவை பொய் சொல்லவில்லை. எண்ணெயும் கனியும் இரசமும் நல்ல காரியங்களே. ‘எனக்கு என் வேலை இருக்கிறது’ என்றுதான் மூன்றும் சொல்லின. நம் ஊரில் இளைப்பாறிய தலைமை ஆசிரியர் சொல்லுவதும் அதுவே. கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளர் சொல்லுவதும், மருத்துவமாது சொல்லுவதும், கணக்கிலே ஒரு சதம் பிசகாத மாதர் சங்கப் பொருளாளர் சொல்லுவதும் அதுவே. பிறகு சபைக்குப் போனவர்களைப் பற்றிக் கோயில் முற்றத்தில் நின்று நாம் குறை பேசுவோம்.

உள்ளூராட்சி சபை என்றால் என்ன? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், பிரதேச சபைக்குப் பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் பொது வீதிகளையும் ஒப்படைக்கிறது. சட்டத்தின் பாஷையை விட்டு ஊர்ப் பாஷையில் சொன்னால், நம் வீட்டு வாசலைத் தாண்டிக் கால் வைத்ததும் தொடங்குவது பிரதேச சபை. ஒழுங்கை, அதன் மதகு, வெள்ளவாய்க்கால், தெருவிளக்கு, மீன்சந்தை, குப்பை வண்டி, வாசிகசாலை ஆகிய இவற்றோடுதான் ஓர் ஏழைக் குடும்பத்தின் நாள் கழிகிறது. பாராளுமன்றத்தில் யார் பேசினாலும் மாரிக்கு வீட்டுக்குள் வெள்ளம் வருவது மதகு அடைபட்டதனாலே.

வடபகுதியில் இந்தச் சபைகளின் சரித்திரம் துண்டு துண்டானது. 1998 சனவரியில் யாழ்ப்பாணத்தில் தேர்தல் நடந்தது. மாநகர முதல்வராக வந்த திருமதி சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்திலே தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த திரு. பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் மாண்டார். ‘எங்கட பிள்ளை இதுக்குப் போக வேண்டாம்’ என்று ஒரு தாய் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் பயத்தை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. பின்பு பிரதேச சபைகளுக்கு 2011 யூலையிலும், அடுத்து 2018 பெப்ரவரியிலும் வாக்களித்தோம். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் என்று உயர் நீதிமன்றம் 2024இல் தீர்த்தது. 2025 மே 6இல்தான் மறுபடி வாக்களித்தோம். சபை இருந்த காலமும் இல்லாத காலமும் இப்படி மாறி மாறி வந்ததால், தேர்தலில் நிற்பது எப்படி என்பதைத் தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் வழக்கமே நம்மிடத்தில் அற்றுப் போயிற்று. புதிதாக நிற்பவர் ஏறக்குறைய யாவற்றுக்கும் புதியவராகவே நிற்கிறார்.

இனி என் சொந்தக் குற்றத்தைச் சொல்ல வேண்டும். 2017 மார்கழி. 2018 தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுக்கும் நாட்கள். நான் அப்போது ஒரு கரையோரப் பங்கில் இருந்தேன். ஏணியில் நின்று நத்தார்க் குடிலுக்குக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மாதர் சங்கப் பொருளாளர் வந்து கீழே நின்றார். கடற்றொழிலாளி ஒருவரின் மனைவி. மூன்று பிள்ளைகளின் தாய். “சுவாமி, என்னை வட்டாரத்தில நிக்கச் சொல்லிக் கேக்கினம். சேமக்காலை ஒழுங்கைக்கு லைற் போடச் சொல்லி மூண்டு தரம் மனுக் குடுத்திட்டம். குடுத்துக்கொண்டே இருக்கிறதை விட, அதை வாங்கிற இடத்தில எங்கட ஒராள் இருந்தால் என்ன?” என்றார். நான் ஏணியை விட்டு இறங்கவில்லை. “உங்கட விருப்பம் அம்மா. ஆனால் கோயிலை இதுக்குள்ள இழுக்காதேங்கோ” என்றேன்.

அவர் நின்றார். கணவர் கூட நடக்க வெட்கப்பட்டார். தமையன்மார் இரு கிழமை பேசாமல் இருந்தார்கள். வீடு வீடாகப் போகும்போது ஒரு பெறாமகள் மட்டும் துணைக்குப் போனாள். யாரோ அவருடைய நோட்டீசைக் கோயில் மதிலில் ஒட்டிவிட, நான் பூசை முடிவில் பேர் சொல்லாமல் கண்டித்தேன். ஒட்டியது அவரல்லர் என்பது பிறகு தெரிந்தது. அதை நான் அறிவிக்கவில்லை. அவர் தோற்றார். அடுத்த மாதம் மாதர் சங்கக் கணக்குப் புத்தகத்தை, ஒரு சதமும் பிசகாமல் முடித்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை.

கோயிலையும் அரசியலையும் கலக்கக் கூடாது என்ற என் எண்ணம் முழுவதும் பிழையல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஆட்சி அதிகாரத்தில் பங்குள்ள பதவிகளைக் குருக்கள் ஏற்பதை 285ஆம் பிரிவில் தடை செய்கிறது. கட்சிகளில் ஈடுபட்டு உழைப்பதை 287ஆம் பிரிவு விலக்குகிறது. ஆனால் அந்தத் தடை எனக்கேயன்றி அந்தத் தாய்க்கு இல்லை. எனக்குத் தடை இருப்பதனாலேயே அவர் போக வேண்டியிருந்தது. மனிதருக்குப் பணி செய்யவென்று பொதுக் காரியப் பாரத்தைச் சுமப்போரைத் திருச்சபை போற்றி மதிக்கிறது என 1965இல் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டின் 75ஆம் பிரிவிற் சொல்லிற்று. அரசியலில் ஊழலும் பதவியாசையும் மலிந்திருப்பது பொதுநிலையினர் ஒதுங்கி நிற்பதற்கு நியாயமாகாது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1988இல் எழுதினார். இவற்றைக் குருமடத்தில் பரீட்சைக்குப் படித்தவன் நான். ஏணியில் நின்றபோது ஞாபகம் வரவில்லை.

அப்போஸ்தலர் பணி 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமின் முதற் சபையில் ஒரு முறைப்பாடு எழுந்தது. அது வேதசத்தியம் பற்றியதன்று, நாளாந்தச் சாப்பாட்டுப் பங்கீடு பற்றியது. கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. ‘எங்கட ஆக்கள்’, ‘உங்கட ஆக்கள்’ என்ற பேச்சு அங்கேயும் இருந்தது. அப்போஸ்தலர்கள் தாமே கரண்டியைக் கையில் எடுக்கவில்லை. நற்பெயருள்ள ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று சபையிடம் விட்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயரும் கிரேக்கப் பெயர்கள். பாதிக்கப்பட்ட பக்கத்துக்கே பொறுப்புப் போயிற்று. அவர்களுள் நிக்கொலாவு என்பவர் யூதராய்ப் பிறந்தவர்கூட அல்லர், அந்தியோக்கியாவிலிருந்து வந்து யூத மறையைத் தழுவினவர். ஏழு பேருக்கும் அந்த வேலையில் முன்னனுபவம் இருந்ததாக வேதாகமம் சொல்லவில்லை. அப்போஸ்தலர்கள் செபித்து அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். அந்த எழுவரில் முதல்வரே அர்ச். முடியப்பர்.

ஆகவே, உங்கள் அயலில் ஒருவர் முதன்முறையாகத் தேர்தலில் நிற்கத் துணிந்தால் நீங்கள் செய்யக் கூடியது என்ன? கத்தோலிக்கர் என்பதற்காக வாக்களியுங்கள் என்று நான் எழுதவில்லை. தகுதியானவர் சைவராயினும் முஸ்லிமாயினும் இதே துணை அவருக்கும் உரியது. எங்கள் ஊர், எங்கள் சாதி என்று கணக்குப் பார்த்து வாக்கைக் கட்டிக் கொடுப்பது பாவம். அதை வேறு மெல்லிய சொல்லால் மூடத் தேவையில்லை. ஒரே பங்கிலிருந்து இருவர் எதிரெதிராக நின்றால் இருவருக்கும் துணை செய்யுங்கள். வாக்கை மட்டும் மனச்சாட்சிப்படி ஒருவருக்குப் போடுங்கள்.

முதல் துணை வீட்டிலிருந்து வரவேண்டும். கணவன் ஒரு பின்னேரம் மனைவியோடு ஒழுங்கையில் நடந்தால், ஊர் வாயில் பாதி தானாக மூடும். 2018க்கு முன்னர் இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இருக்கவில்லை. பின்னர் சட்டம் நூற்றுக்கு 25 என்று வைத்தது. சட்டம் இடத்தைத்தான் கொடுத்தது. ‘அடங்காதவள்’ என்று முகநூலில் எழுதுகிறவனின் கையைச் சட்டம் பிடிக்கவில்லை. அவன் நம் வீட்டுப் பிள்ளையாயிருந்தால் நாம் பிடிக்கலாம்.

அடுத்தது கடதாசி வேலை. எங்கள் தேர்தல் முறையில் ஒருவர் தனித்து நிற்க முடியாது. கட்சியோ சுயேச்சைக் குழுவோ முழுச் சபைக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். 2025இல் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒழுங்காக இல்லையென்று பல வேட்புமனுக்கள் தள்ளப்பட்டு, சில நீதிமன்றம் வரை போயின. கச்சேரியில் வேலை செய்து இளைப்பாறியவர்கள் எங்கள் பங்குகளில் எத்தனை பேர்! ஒரு மாலைப்பொழுது ஒரு மேசையில் அமர்ந்து அந்தப் படிவங்களைப் பார்த்துக் கொடுத்தால் போதும். தேர்தற் செலவு பற்றிய 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும்! தோற்ற வீட்டுக்கு அந்த மூன்று கிழமையும் யாரும் போவதில்லை. பற்றுச்சீட்டுகளை அடுக்கத் தெரிந்த ஒருவர் போனால் அது கைம்மாறு கருதாத உதவி.

வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயர் அச்சிடப்படுவதில்லை. கட்சி அல்லது குழுவும் சின்னமுமே இருக்கும். ஆகையால் புதியவர் யாரென்று ஊருக்குத் தெரிய வேண்டுமானால் அவர் நேரில் வந்து பேச வேண்டும். பேசப் பழகாதவரைச் சனசமூக நிலையத்தில் பத்துப் பேர் முன் பேசவிட்டு, ‘மதகைத் திருத்தக் காசு எங்கேயிருந்து வரும்?’ என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும். தேடி வந்து மறு கிழமை சொல்லட்டும். இது அவரைச் சோதிப்பதற்கல்ல. சபையில் இதைவிடக் கடுமையாகக் கேட்பார்கள். வென்ற பின்பும் கேளுங்கள். ஆனால் தம் மகனுக்கு வேலை எடுத்துத் தரும்படி அவர் வாசலில் முதல் ஆளாய்ப் போய் நிற்காதேயுங்கள். நல்ல மரத்தையும் முட்செடியாக்குவது அந்த வாசற்படிதான்.

குருவானவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீடத்திலிருந்து ஒருவரின் பெயரையும் சொல்லக் கூடாது, சின்னத்தையும் காட்டக் கூடாது. ஆனால் நிற்கிற அனைவருக்காகவும் ஒரு செபம் சொல்லுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. முன்னையோர் வேட்பாளரை ‘அபேட்சகர்’ என்றார்கள். விருப்பங்கொண்டு கேட்பவர் என்பது பொருள். கேட்டு வருகிறவரிடம் ஏணியை விட்டு இறங்கி வந்து பேசுவதற்கு எந்த ஆயரின் அனுமதியும் வேண்டியதில்லை.

2025 தேர்தல் முடிந்து சில வாரங்களின் பின், பழைய பங்கின் திருவிழாவுக்கு என்னைப் பிரசங்கத்துக்கு அழைத்தார்கள். கூடு சுற்றி வந்த பின் அந்தத் தாயைத் தேடிப்போய், மதிலில் ஒட்டிய நோட்டீசுக்காகவும் ஏணிக்காகவும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், எனக்குப் பிளேன் ரீ ஊற்றித் தந்தார். கணவர் வலை பொத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து நின்றார்.

“அது போகட்டும் சுவாமி,” என்றார் அவர். “சேமக்காலை ஒழுங்கையில இப்பவும் லைற் இல்லை.”