பூசலாரின் கவனம்

பைபாஸ் செய்துகொண்டு சி.டி. பரிசோதனைக்கு வரும் பெரியவர்களில் சிலர் மேசையில் படுத்தபடியே என்னிடம் கேட்பார்கள்: "உள்ள இருக்கிறவன் பாத்துக்குவான், நீ ஏம்மா பாக்கணும்?" இதைக் கேட்டும் கேளாததுபோல் ஊசியைப் போட எனக்கு மனம் வருவதில்லை. ஆண்டவனை நம்புகிறவர் தன் இதயத்தைச் சோதித்துப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவா?

அந்த நெஞ்சுக்குள் இருப்பது காலிலிருந்து எடுத்துத் தைத்த சிரை. 1967-இல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ நிலைபெறச் செய்த முறை இது. சிரையின் வால்வுகள் ஓட்டத்தை மறிக்காதிருக்க அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைப்பார்கள். குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய குழாய், தமனியின் அழுத்தத்தைத் தாங்கத் தன் சுவரைத் தடிக்கச் செய்கிறது. பிழைக்க உதவிய அந்தத் தடிப்பே பின்னால் பாதையைக் குறுக்கவும் செய்யும். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைபடுகின்றன. முன்பு இதை அறியத் தொடை வழியே குழாய் செலுத்த வேண்டியிருந்தது. இப்போது கைச் சிரையில் அயோடின் மருந்தை ஏற்றி, மூச்சை அடக்கச் சொல்லி, சில நொடிகளில் எடுத்துவிடுகிறோம். தைத்த சிரை சற்றுப் பருமன், அசைவும் குறைவு என்பதால் தெளிவாகவே தெரியும்.

"உள்ள இருக்கிறவன்" என்றதும் பெரியபுராணத்தில் வரும் பூசலார் எனக்கு நினைவுக்கு வருகிறார். அவர் ஊரான திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் வேண்டுதலோடு போகிறார்கள். கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பியவர் பூசலார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய காடவர்கோன் என்ற அரசனின் கனவில் சிவன் வந்து, நான் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும், உன் குடமுழுக்கைத் தள்ளிவை என்றார். அன்பு இருந்தால் போதும் என்பதற்கே இந்தக் கதையைச் சொல்கிறார்கள். பெரியபுராணத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது பூசலாரின் கவனம். மனத்தால் நிதி தேடினார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடிநிலை போட்டார், இரவிலும் கண் துஞ்சவில்லை. சுதைவேலை, கிணறு, மதில், குளம் என எதையும் விடவில்லை. நெஞ்சில் இறைவன் இருக்கிறான் என்று நம்பியவர் அந்த நெஞ்சை இவ்வளவு உற்றுப் பார்த்தார்.

தொந்தரவே இல்லாதவர் ஆண்டுதோறும் படம் எடுக்க வேண்டியதில்லை. கதிர்வீச்சு உண்டு, மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை. ஆனால் நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, மருத்துவரும் எழுதிக் கொடுத்துவிட்டார், அப்போதும் "அவன் பாத்துக்குவான்" என்றால் அதை என்னால் பக்தி என்று ஏற்க முடியவில்லை. அது பயம். பயப்படுங்கள் ஐயா, அதில் தப்பில்லை, ஆனால் அதற்குச் சிவன் பேரை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சை அடக்கச் சொல்கிறேன்.